சந்தனம் குடித்த பெல்ட் லாக்

“உனக்கு எதுக்குத்தா இந்த வம்பு? கார் ஏன் மாட்டுக் கொட்டத்துலயே நிக்கிதுன்னு கேக்குறியே, அதென்ன கட்டிக் குடுக்காம வச்சிருக்க கொமரிப் புள்ளையா? போய் உலையப் பாரு, போ!”

சின்ன மருமகளை இப்படித்தான் விரட்டினேன். அவள் நகரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கம்பத்தில் ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டினார். நிரந்தரச் சவாரி ஒன்றே ஒன்று. ஏலத்தோட்டத்து மேனேஜரைக் குமுளிக்கு மேலே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். எங்கள் அடுப்பு அதில்தான் எரிந்தது.

மலையாளப் பக்கம் சீட் பெல்ட் கெடுபிடி தொடங்கியது. அதுவரை அந்த பெல்ட்டை யாரும் சீண்டியதில்லை. மேனேஜர் இழுத்து மாட்டினால் லாக் பிடிக்கவில்லை. கையை எடுத்ததும் சுருண்டு ஓடியது. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கண்டபடி ஏசிவிட்டார். இறங்கும்போது மேனேஜர், “திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லைன்னா வேற வண்டி பாத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

மறுநாளே என் வீட்டுக்காரர் தேனி மெக்கானிக்கிடம் கிளம்பினார். வீரபாண்டி ஆத்தாளைக் கும்பிடுகிற சாக்கில் நானும் தொற்றிக்கொண்டேன். மெக்கானிக் லாக்கைக் கழற்றி நெம்பித் திறந்தார். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

“என்னண்ணே, உள்ள ஒரு கோயிலே இருக்கு?”

ஆயுத பூஜை வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங், கியர் எதையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெல்ட் லாக்கின் சிவப்புப் பட்டனுக்குக் கூடுதலாக ஒரு பொட்டு. இடுக்கு வழியாக வருஷா வருஷம் சந்தனத் தண்ணி இறங்கி, உள்ளே ஸ்பிரிங்கைத் துரு தின்றிருந்தது.

“எனக்கு ஒரு நாளாச்சும் இம்புட்டுச் சந்தனம் பூசிருப்பீகளா?” என்றேன்.

“நீ என்னைக்குடி பிரேக் போட்டா நின்ன?”

மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். அதோடு அன்றைய சிரிப்பு தீர்ந்தது. கழுவி எண்ணெய் விட்டதும் ஸ்பிரிங் ஒடிந்து கையோடு வந்தது. அந்தக் காருக்குப் புது லாக் வருவதே நின்றுவிட்டதாம். பழைய கார் உடைக்கிற கடையில் கிடைத்தது வேறு காருடையது. பெல்ட்டின் நாக்கு அதற்குள் நுழையவில்லை. பெல்ட்டோடு மாற்றலாமென்றால், போல்ட் பூட்டுகிற இடத்துத் தகரமே அரித்துப் பொக்கையாகக் கிடந்தது.

மெக்கானிக் குரலைத் தணித்தார். “ஒண்ணு செய்யலாம்ணே. நாக்கைச் சொருகி அடியில கம்பியக் கட்டி விடுறேன். போலீஸ்காரன் கண்ணுக்கு மாட்டுன மாதிரியே தெரியும்.”

கட்டினார். மேனேஜர் இடத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நான் உட்கார, ஊருக்குத் திரும்பினோம். உத்தமபாளையம் தாண்டி ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தார். ஆடு பிழைத்தது. கம்பி பிய்ந்து நான் முன்னால் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

“இந்த வருசப் பூசைக்கு எனக்குப் பொட்டு வேணாங்க. இப்பவே வச்சு விட்டுட்டீக” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“அந்த மேனேஜர் மனுசனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குடி.”

“வேற மெக்கானிக்கப் பாப்பமே.”

“தகரமே போச்சு. யாரப் பாத்து என்ன செய்ய?”

திங்கட்கிழமை அவரே மேனேஜர் வீட்டுக்குப் போய், வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். மாடு இல்லாமல் கிடந்த கொட்டத்தில் காரை நிறுத்தினார். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்கு மருந்தடிக்கப் போனார். ஆயுத பூஜையன்று மட்டும் அந்தக் காருக்குச் சந்தனம் வைப்பார். லாக் இருந்த இடத்தை விட்டுவிடுவார்.

கார் நின்ற புதிதில் பக்கத்து வீட்டுக்காரிகள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து நின்றார்கள். அவர் உள்ளேதான் இருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்:

“காருக்கு மலை ஏறுனா மூச்சு எளைக்கிதாம்த்தா. டாக்டரு ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாக. பாக்க வாரவுக வெறுங்கையோட வராதீக. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வாங்க. அது தின்னாட்டாலும் நான் தின்னுக்கிறேன்.”