நகத்தில் நீலம்

சாயப்பட்டறையில் நீலத்தொட்டி அவர் பொறுப்பு. கையுறை போட்டால் துணி எவ்வளவு சாயம் குடித்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது என்பார். அதனால் அவர் நகங்கள் எப்போதும் நீலம். வீட்டில் துண்டு, கதவுக் கைப்பிடி, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த நீலம் இருந்தது. மகளின் நகங்களில் இருந்ததை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

பள்ளி விட்டதும் அவள் பட்டறைக்கு வந்து, ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வீடு திரும்பியதும் குழாயடியில் அவள் விரல்களைக் கல்லால் தேய்த்துவிடுவார்.

"வலிக்குதுப்பா."

"தொட்டியில கைய விடாதன்னா கேட்டாத்தானே."

"நான் தொடவே இல்ல."

"அப்போ சாயம் நடந்து வந்து ஒட்டிக்கிச்சா?"

அவளும் சிரித்துவிடுவாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவதால் வீட்டில் அவளுக்கு ஆமை என்று பெயர்.

பதினாறு வயதில் உதடும் நீலமானது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இதய மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார்.

"வலப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல ஒரு வால்வு இருக்கணும். இவளுக்குப் பிறவியிலேயே அது கீழ இறங்கியிருக்கு. நிலையில இருக்கவேண்டிய கதவை ரூமுக்குள்ள தள்ளி மாட்டின மாதிரி. சரியா மூடல, ரத்தம் திரும்பி வருது. ரெண்டு மேலறைக்கும் நடுச் சுவர்ல ஓட்டையும் இருக்கு. நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தம் அது வழியா நேரா உடம்புக்குப் போயிடுது. அதான் நீலம். அபூர்வமான கோளாறு. சின்ன வயசுலேருந்தே நகத்துல தெரிஞ்சிருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

அப்பா கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வால்வைச் சரிபண்ணி ஓட்டையை அடைச்சிடலாம். ஆனா இதயம் ரொம்ப வீங்கிப்போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் துடிப்பு தடுமாறலாம். அது ஒண்ணுதான் பயம்."

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பை ஒதுக்கி நகத்தைக் காட்டினாள். இளஞ்சிவப்பாக இருந்தது.

"கல்லே இல்லாம போயிடுச்சு, பாருப்பா."

அவர் அந்த விரலைப் பிடித்தபடி நின்றார். நர்ஸ் வந்து வெளியே அனுப்பினாள்.

மறுநாள் காலை துடிப்பு தடுமாறியது. சீராக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

துக்கம் கேட்க எல்லாரும் வந்துபோன பிறகு அவர் குழாயடியில் உட்கார்ந்து தன் நகங்களைத் தேய்க்கத் தொடங்கினார். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. மனைவி வந்து கல்லை வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க. உங்களுது வெறும் சாயம்."