தலைக்கு வைத்த எண்ணெய்

எங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய் இல்லாத நாள் கிடையாது. மீன் பொரிக்க, கறி தாளிக்க, குளிருக்குக் காலில் தேய்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். தலைக்கு வைக்கும் எண்ணெயை மட்டும் என் மனைவி தனியாகக் காய்ச்சுவாள். கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, வெந்தயம், சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு, நிறம் மாறும்வரை அடுப்படியை விட்டு அசையமாட்டாள். பேரப்பிள்ளை கண்ட வயதிலும் அவளுடைய கூந்தல் இடுப்பைத் தாண்டும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

போன மார்கழி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டார்கள். மகள் கொழும்பில் இருப்பதால் சமையல் என் தலையில் விழுந்தது. அதைச் சமாளித்துவிட்டேன். அவளுக்குத் தலை வாருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. இடக்கையால் இழுத்து இழுத்துச் சிக்கு விழுந்து, ஒரு நாள் சீப்பைத் தூக்கி எறிந்தாள்.

“என்னால ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சந்தியில இருக்கிற பார்லருக்குப் போய் ஒட்ட வெட்டிப்போட்டு வருவம்.”

வெட்ட வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? தலையும் அவளுடையது, நோவும் அவளுடையது. “அண்டைக்காவது நான் எண்ணெய் வைச்சுப் பின்னி விடுறன்” என்றேன். ஒருமுறை ஒழுங்காகச் செய்து காட்டினால் மனம் மாறுவாள் என்று ஒரு நப்பாசை.

மழைக்காலத்து விடியற்குளிரில் எண்ணெய் உறைந்துபோகும். அதனால் தலை எண்ணெய்ப் போத்தலை அடுப்புச் சூடு படும் இடத்தில் வைப்பது அவள் வழக்கம். அதற்குப் பக்கத்திலேயே, மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயை நான் வடித்து வைத்திருந்தேன், அடுத்த பொரியலுக்கென்று. ஒரே மாதிரிப் போத்தல், ஒரே பழுப்பு நிறம். எனக்கோ மூக்கை அடைத்த தடிமன். அதை அவளுக்கும் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு காலை அவளை முக்காலியில் இருத்தி, உச்சியில் எண்ணெய் வைத்து நன்றாகத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பின்னல் கோணலாகத்தான் வந்தது. வெளியே இறங்கியதும் படலையடியில் நின்ற பூனை எங்கள் பின்னாலேயே தெருமுனைவரை வந்தது. பாசத்தில் வருகிறது என்று நினைத்தேன்.

தேவாலயத்தில் பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பிரசங்கத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தால் அவள் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. இதுதான் கடைசிப் பின்னல் என்று அழுகிறாளாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தவளின் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாங்கில் இருந்த பெண் அவளிடம், “அக்கா, இண்டைக்கு விடியவே சூடை மீன் பொரிச்சிட்டியளோ?” என்று கேட்டிருக்கிறாள். பின்னலை மூக்கருகே இழுத்துப் பார்த்தபோதுதான், அந்தத் தடிமனையும் மீறி இவளுக்கு விளங்கியிருக்கிறது.

“இவ்வளவு காலம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில வேலை செய்த மனுசனுக்கு, எது எந்த எண்ணெய் எண்டு தெரியேல்லை!”

விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. சந்திவரை நடந்தோம். பார்லர் வாசலில் நின்றாள். நானும் நின்றேன்.

“இந்த மணத்தோட உள்ள போனா கலைச்சு விடுவாங்கள். வாங்கோ, வீட்ட போவம்.”

அன்று பகல் முழுக்கக் கிணற்றடியில் எனக்கு வேலை. சீயாக்காய் போட்டு, தேசிக்காய் தேய்த்து, மணம் போகும்வரை அலசினேன். தலை காய்ந்த பிறகு சரியான போத்தலை அவளே எடுத்துத் தந்தாள். பார்லர்க் கதையை அவள் எடுக்கவில்லை. நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

கட்டு அவிழ்த்துக் கனநாளாயிற்று. இப்போது அந்தக் கையால் தேங்காய் துருவுகிறாள், ரொட்டிக்கு மா குழைக்கிறாள், குசினியையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். ஆனாலும் ஞாயிறு காலை, நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முக்காலியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு முதுகு காட்டி இருப்பாள். அந்த வலக்கையாலேயே போத்தலைத் தோளுக்கு மேலால் நீட்டுவாள்.

“மணந்து பாத்திட்டு வையுங்கோ.”