இரண்டு கட்சியையும் கேட்கச் சொன்னவர்

அப்பாதுரையோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்திருந்தால் தெரியும் என் பாடு. திண்டிவனத்தில் அவர் சரித்திர வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஆறு வருஷம் அவர் ஒரு ஊர், மனைவி விசாலாட்சி ஒரு ஊர் என்று கிடந்தார்கள். அந்த அம்மாளுக்கு விழுப்புரத்தில் நர்ஸ் வேலை கிடைத்த பிறகுதான் அங்கே வீடு பிடித்து ஒன்றாகக் குடியிருந்தார்கள். நானும் அதே தெரு. தினமும் ஒரே ரயிலில்தான் வருவோம். இப்படி நிம்மதியாக இருக்கிற மனிதருக்கு எதற்கு வம்பு?

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் வந்தது. "ரெண்டு கட்சிக் கூட்டத்தையும் கேளுங்க. யாரு என்ன சொன்னாங்க, அதுக்கு என்ன ஆதாரம் குடுத்தாங்கன்னு எழுதிக்கினு வாங்க. வகுப்புல வாதாடலாம்" என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டுதான் வந்தார்கள். எதுகை மோனை ஒன்று விடவில்லை. எத்தனை முறை கைதட்டல் என்றுகூட இருந்தது. ஆதாரம் மட்டும் காலி. வீரமுத்து என்பவன் பேச்சாளரின் இருமல் உட்பட அப்படியே பேசிக் காட்டினான்.

"தொண்டையக் கேக்கலடா, காரணத்தக் கேட்டேன்!" என்று அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டார்.

அம்சா ஒருத்திதான் உருப்படி. கூட்டம் நடக்கிற மைதானத்துக்குப் பக்கத்து வீடு. ஒலிபெருக்கியில் கேட்டே, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று குறித்து வந்திருந்தாள்.

விட்டுவிடும் ஐயா என்று நூறு தடவை சொன்னேன். கேட்டால்தானே!

அப்பாதுரை ஒரு கட்சிக்கு ஆள் சேர்க்கிறார் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். மேலதிகாரி விசாரிக்க வந்துவிட்டார். தப்பு என்று முடிவானால், விழுப்புரத்திலிருந்து தினம் போய்வர முடியாதபடி கள்ளக்குறிச்சிக்கு அப்பால் மாற்றலாம். ஆசிரியர்கள் எங்களையும் உட்காரவைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்டார். வீரமுத்து கையை வீசி, "எங்கள் ஆசிரியர் ஒரு விளக்கு! அவரைத் தொட்டால் ஊருக்கே இழுக்கு!" என்று முழங்கினான். அடுத்து வந்தவனும் அதே ரகம். கேட்ட கேள்விக்கு ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. அதிகாரி கொட்டாவி விட்டார். இத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

கடைசியில் அம்சா.

"ஒரு கட்சிக்குன்றது பொய்ங்க சார். ரெண்டையும் கேக்கச் சொன்னாரு. நோட்டப் பாருங்க, ரெண்டும் இருக்குது."

"அப்போ அரசியல் கூட்டத்தைக் கேக்கச் சொன்னது நிஜம்?"

"நிஜந்தாங்க."

அதிகாரிக்கு அது போதும். மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. எனக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரமான ஆத்திரம். இந்த மனிதரோ, "எவ்ளோ தெளிவா சொன்னா பாத்தீங்களா?" என்று விழுப்புரம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ரயிலிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

விசாலாட்சி உத்தரவைப் படித்தார். கணவரை ஒன்றும் கேட்கவில்லை. துணைக்குப் போயிருந்த என் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான் ஒரே வீட்டுல இருக்கோம்னு அங்க யாராச்சும் சொன்னீங்களாண்ணே? நீங்க இருந்தீங்க இல்ல?"

இருந்தேன். அதிகாரிக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் மாற்றல் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.