பதிமூன்றுக்கு வாங்கிய புயல்

தம்பி அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஆறு லட்சம். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. கூடப் பிறந்தவனிடம் கையெழுத்துக் கேட்பது அசிங்கம் என்று அண்ணன் நினைத்தார். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் வாழ்க்கையில் ஏமாந்தார். மற்றபடி அவரை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும்.

அண்ணனுக்குத் தொழில் இழுவை. நடுவழியில் நின்றுபோன வண்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டி, எதுவானாலும் அவருக்குத்தான் போன் வரும். அவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இழுவைக்காரர் என்றால் போதும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டவர். லாரிக்கு அடியில் படுத்து, கண்ணில் கிரீஸ் சொட்டி வளர்ந்த ஆள். இன்றைக்கு இரண்டு இழுவை வண்டி, ஒரு தகரக் கொட்டகை, மாடி வைத்த சொந்த வீடு. எந்த வங்கி வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. அவர் மாட்டிய கொக்கி ஒருநாளும் கழன்றதில்லை. இதைச் சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பியைப் படிக்க வைத்ததும் அவர்தான். படித்தவன் பம்ப் மோட்டார் கடை வைத்தான். பக்கத்து அறை காலியாகிறது, கடையை அகலப்படுத்த வேண்டும், ஒரே வருடத்தில் திருப்பிவிடுகிறேன் என்று அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தான். அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு ஆறு லட்சத்தை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு வருடம் ஆயிற்று. கடை பழைய அகலத்திலேயே இருந்தது. கேட்டால் வியாபாரம் மந்தம் என்பான், அண்ணனும் நம்பினார்.

பணம் எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றோரம் மணலில் ஒரு பிக்கப் புதைந்துவிட்டது, வந்து இழுங்கள் என்று போன். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய கூட்டம். எல்லாரும் வேகப் பிக்கப் வைத்திருக்கிறவர்கள். சுமை ஏற்றப் பிறந்த வண்டியில் பந்தய எஞ்சினைப் பூட்டி, அதில் ஒரு சிமெண்ட் மூட்டைகூட ஏற்றாமல் காப்பாற்றி வருகிற கூட்டம் அது. புதைந்து கிடந்த வண்டி கருநீலம். இரட்டை டர்போ. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து விநாடி போதுமாம். இப்போது அது தொப்புள் வரை மணலில் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் தம்பி.

தம்பி முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டான். நண்பர்கள் பக்கம் திரும்பி, "நமக்குத் தெரிஞ்ச இழுவைக்காரர்தான், நல்லாப் பண்ணுவார்" என்றான். அண்ணன் என்று சொல்லவில்லை.

அவர் மணலில் மண்டி போட்டுக் கொக்கியை மாட்டினார், இழுத்துக் கரையில் நிறுத்தினார், கூலியைச் சொன்னார். தம்பி நண்பர்கள் முன்னால் அதிலும் பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்தான். கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மறுநாள் தம்பி வீட்டுக்கே போய், வண்டியை விற்றுக் கடனை அடை என்றார். அந்த வண்டிதான் தனக்கு வெளியில் மரியாதை, அதை மட்டும் கேட்காதே என்று தம்பி சொன்னான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். அவனுக்கு எல்லாமே அடுத்த மாதம்தான்.

அண்ணனுக்கோ அடுத்த மாதம் இல்லை. கொட்டகை நிற்கிற இடம் வாடகை இடம். இடத்துக்காரர் விற்கத் தீர்மானித்துவிட்டார். மாத முடிவுக்குள் முழுப் பணத்தையும் வைத்தால் உனக்கு, இல்லையென்றால் குடோன் கட்டக் கம்பெனிக்காரன் காத்திருக்கிறான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்ததையெல்லாம் கூட்டினாலும் சரியாக ஆறு லட்சம் துண்டு விழுந்தது. இடம் போனால் வண்டிகளையும் விற்க வேண்டியதுதான். இந்த வயதில் இன்னொருவன் பட்டறையில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டும்.

வழி தானாகவே வந்து அவர் வண்டியில் ஏறிக்கொண்டது. அந்தக் கூட்டம் ஞாயிறுதோறும் கூடுவது டயர்க்கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில். அந்த டயர்க்கடைக்காரரின் பிக்கப்பும் ஒருநாள் கியர் பெட்டி உடைந்து படுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாய் ஓயவில்லை. வண்டி பழுதானவனுக்குப் பேச்சுத்தான் ஆறுதல். தங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு என்றார். ஆரம்பத்தில் எல்லாரும் வாங்கிய விலையைக் குறைத்துச் சொல்லித் தங்களைக் கெட்டிக்காரர்களாகக் காட்டிக்கொண்டார்களாம். இருபது லட்சத்துக்கு வாங்கியவன் பதினாறு என்பான், பதினாறுக்கு வாங்கியவன் பன்னிரண்டு என்பான். எந்த வண்டி காசுக்குத் தகும் என்று விவாதிக்கவே முடியவில்லை. அதனால் டயர்க்கடைக்காரர் ஒரு முடிவு கட்டினாராம்: இந்தத் தரையில் நின்று உன் வண்டிக்கு ஒரு விலை சொன்னால், அந்த விலையை ரொக்கமாக யார் வைத்தாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவன் மறுபடி இங்கே கால் வைக்கக் கூடாது. ரொக்கத்தோடு ஒருவரும் வந்ததில்லை என்பதால் நாளடைவில் சட்டம் வேடிக்கையாகிவிட்டதாம்.

"ஆனா உங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரே, புயல்னு கூப்பிடுவோம், அவர் பலே ஆளு. அந்த நீல வண்டியைப் பதிமூணுக்கு அமுக்கிட்டார்."

இழுவைக்காரர் சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அந்த வண்டியின் விலை பத்தொன்பது. அண்ணன் கொடுத்த ஆறு, தம்பி மனைவியின் நகை அடகு வைத்த ஐந்து, கடை முதலீட்டிலிருந்து எடுத்த எட்டு. வண்டி விஷயம் வெளியில் தெரிந்த பிறகு, நகை போன துக்கத்தில் அந்தப் பெண் அண்ணியிடம் வந்து ஒவ்வொரு லட்சமாகச் சொல்லி அழுதிருந்தாள்.

அன்றைக்கே அவர் கோழிப்பண்ணைக்காரரைப் போய்ப் பார்த்தார். அந்த மனிதரின் ஓட்டை வேனை வருடத்துக்கு நாலு தடவை இழுப்பவர் இவர்தான். புது வண்டிக்கென்று ரொக்கம் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் பண்ணைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதுல கோழிக்கூடு எத்தனை அடங்கும்?"

வீட்டில் மனைவி தடுத்தாள். கடனை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நாலு பேர் முன்னால் வேண்டாம், அவன் நொறுங்கிப் போவான் என்றாள்.

"அவன் மரியாதையை வெளியிலதானே வச்சிருக்கான். வெளியிலதான் எடுக்கணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டயர்க்கடைக்குப் பின்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை விவாதம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழெட்டு வண்டிகள் வாயைப் பிளந்து நின்றன. ஆளாளுக்கு அடுத்தவன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக் குறை தேடிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் எஞ்சினின் சத்தத்துக்கு முன் டீசல் எல்லாம் இருமல் நோயாளி என்றார் பல் டாக்டர். குதிரைசக்தி காகிதத்தில் ஓடும், மேட்டில் இழுப்பது டார்க் என்கிற முறுக்கு விசைதான் என்று கட்டட காண்ட்ராக்டர் மறித்தார். தம்பி இருவரையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நின்றான். தன் வண்டியின் சஸ்பென்ஷனைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்க வேண்டும். முழங்கால் ஆழப் பள்ளத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலும் உள்ளே டம்ளர் தண்ணீர் சிந்தாதாம். கடையில் வாய் திறக்காதவன், வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்காதவன், இங்கே ராஜா மாதிரி கையை வீசிப் பேசினான். கேட்டவர்களும் மறுத்துப் பேசத் தயங்கினார்கள் என்பது உண்மை.

காண்ட்ராக்டர் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரி புயல், அந்தப் பின்தொட்டியில இதுவரைக்கும் என்னத்த ஏத்தினீங்க, உங்க தொப்பியைத் தவிர?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் தம்பி அண்ணனைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் துணிப்பையோடு ஒரு ஆள் நிற்பதைக் கவனிக்கவில்லை.

டயர்க்கடைக்காரர் வாங்க வாங்க என்று வரவேற்றார். இழுவைக்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நீல வண்டியைச் சுற்றி வந்து, இந்த மாதிரி வண்டி என்ன விலை இருக்கும் என்று கேட்டார். இரண்டு வருடம் ஓடியும் இன்றைக்கும் பதினேழுக்குக் குறையாது என்றார் டாக்டர். ஆனால் புயல் வாங்கிய விலையைக் கேட்டால் வயிறு எரியும் என்று டயர்க்கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார். "நீங்களே சொல்லுங்க புயல்."

தம்பி அண்ணனைப் பார்த்தான். உண்மை விலை தெரிந்த ஒரே ஆள் எதிரில் நிற்கிறார். மறுத்துப் பேசிவிடுவாரோ என்ற பயம் அவன் கண்ணில் ஓடியது. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. நல்ல பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"பதிமூணு" என்றான்.

"கெட்டிக்காரன்தான்" என்றார் அண்ணன். பிறகு திரும்பி, "பண்ணைக்காரரே, வாங்க" என்றார்.

கோழிப்பண்ணைக்காரர் வந்து துணிப்பையை ஒரு டயர் அடுக்கின் மேல் கவிழ்த்தார். லட்சம் லட்சமாகக் கட்டிய பதிமூன்று கட்டு. கையோடு இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பின்தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளக்க ஆரம்பித்தார். முதலில் டாக்டருக்குத்தான் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டம் சட்டம்தான் என்று காண்ட்ராக்டர் மெல்லச் சொன்னார். இத்தனை நாள் எந்த வாயால் புயல் என்றார்களோ அதே வாய்கள் இப்போது வேடிக்கை பார்த்தன.

தம்பி அண்ணனின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தான்.

"அண்ணே, பத்தொன்பதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அங்க போய்ச் சொல்லு. வண்டி உனக்கு, பையை அவர் எடுத்துட்டுப் போயிடுவார்."

"எப்படிண்ணே சொல்றது? ரெண்டு வருஷமா இவங்ககிட்ட..."

"அப்ப சாவியைக் குடு."

தம்பி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை. பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டால் வண்டி தப்பும், மனைவியின் நகைப் பணம் தப்பும். இன்னும் கொஞ்சம் பொறுத்து நல்ல விலைக்கு விற்றால் எல்லாருக்கும் மிச்சமிருக்கும் என்பது அண்ணனுக்கும் தெரியாமல் இல்லை. அந்தப் பெண் அழுத அழுகை அவருக்கு நினைவு வந்தது. வந்தும் அவர் கல்லாகத்தான் நின்றார். வருத்தப்படுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு இரண்டு இழுவை வண்டி வாங்க முடியாது.

தம்பி திரும்பி நடந்தான். சாவியை எடுத்து டயர் அடுக்கின் மேல் வைத்தான். "காசுக்கு என்னங்க, இன்னொண்ணு பாத்துக்கலாம்" என்று சிரிக்கப் பார்த்தான். ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. வண்டிக் காகிதத்தில் எஞ்சின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். மூடி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

டாக்டருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்று இழுவைக்காரரைக் கேட்டார்.

"இவனுக்குக் கூடப் பிறந்த அண்ணன் நான். எனக்கு ஆறு லட்சம் தரணும். அதை வச்சுத்தான் இந்த வண்டியை வாங்கினான்."

அதற்குப் பிறகு தம்பியைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. பேச்சு வண்டிக்குத் திரும்பியது. அந்த சஸ்பென்ஷன் கோழிக்கூட்டின் பாரத்தைத் தாங்குமா என்று காண்ட்ராக்டர் கிளப்பினார். தாங்கும், ஆனால் பின்புறம் தணிந்துவிடும் என்றார் டாக்டர். ஒரு வில்பட்டை கூடுதலாக வைத்தால் போதும், தானே செய்து தருகிறேன் என்று டயர்க்கடைக்காரர் முன்வந்தார். முட்டை கொண்டுபோக டம்ளர் தண்ணீர் சிந்தாத வண்டி ரொம்ப நல்லது என்று பண்ணைக்காரர் மனதார மெச்சினார். அவர் கிண்டல் பண்ணவில்லை. தம்பிக்கு அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அவன் ஆறு கட்டுகளை எடுத்து அண்ணனிடம் நீட்டினான், சீக்கிரம் முடியட்டும் என்பதுபோல். அவர் வாங்கவில்லை.

"கட்டைப் பிரி. எண்ணிக் குடு."

"அண்ணே, இங்க வேண்டாம்."

"இங்கதான்."

வலது கையை விரித்து நீட்டினார். கொக்கியும் சங்கிலியும் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. தம்பி முதல் கட்டைப் பிரித்தான். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக அந்தக் கைமேல் வைத்தான். ஒரு கட்டு நிறைந்ததும் அண்ணன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடி கையை விரித்தார். நடுவில் தம்பிக்குக் கணக்குத் தப்பியது. முதலிலிருந்து எண்ணு என்றார். எண்ணினான். பின்னால் நீல வண்டி உறுமிக் கிளம்பியது. பழக்கமில்லாத கால் ஆக்சிலரேட்டரை அளவுக்கு மீறி மிதித்தது. தம்பி நிமிரவில்லை. ஆறாவது கட்டில் ஒரு தாள் குறைந்தது. கை விரித்தது விரித்தபடி நின்றது. தம்பி தன் சட்டைப் பையைத் துழாவி, கசங்கிய ஒரு தாளை எடுத்து, விரலால் நீவி, அந்த உள்ளங்கையில் வைத்தான்.