கூப்பிடுகிற தவளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். போத்தலில் வளர்த்த தவளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது மகள் செல்வி கால் உடைந்து, கட்டுப் போட்டு, தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறையில் கிடந்தாள். நான் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனால் பகலெல்லாம் தனிதான், சோற்றைத் தொடமாட்டாள். துணைக்கு இருக்கட்டும் என்று, லிந்துலைக் கடை பாய் கொடுத்த மிட்டாய்ப் போத்தலில் பாசியும் சின்னச் செடியும் நட்டு, தண்ணீர் ஓடும் கான் ஓரத்துத் தவளை ஒன்றை விட்டேன். அது குதித்துக் குதித்துக் கண்ணாடியில் முட்டியது.

“பாவம்மா, வெளிய விட்டுரும்மா,” என்று அழுதாள்.

அதை விட்டுவிட்டு, போத்தலுக்கு அடங்குகிற சின்னதாக ஒன்றைக் கொழுந்து கிள்ளும்போதே தேயிலைக்குள் தேடினேன். அங்கே நகத்தளவு தவளைகள் உண்டு. ஆனால் குஞ்சைப் பிடித்தால் நாளைக்குப் பெருத்துவிடுமே! அதனால் தொண்டையை உப்பிக் கூப்பிடுகிற ஒன்றையும், பக்கத்தில் வயிறு பருத்திருந்த ஒன்றையும் பிடித்தேன். கூப்பிடுகிறது என்றால் வளர்ந்து முடிந்தது.

அடுத்த நிரையில் நின்ற ராமாயி சிரித்தாள். “ஏக்கா, கண்டாக்கய்யா கொழுந்து நிறுக்கையில கூடை கத்தப் போவுது!”

“கத்துனாத்தான்டி நல்லது,” என்றேன்.

அன்று மாலை போத்தலுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. செல்வி தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். இன்னொரு நாள், “அம்மா, குட்டி போட்டிருக்கு!” என்று கூவினாள். இந்தச் சாதிக்குக் குளமும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை; முட்டைக்குள்ளேயே தவளையாகிவிடும். ஈரப் பாசியிலிருந்து கட்டெறும்பளவுத் தவளைகள் ஏறி வந்தன. லயமே திரண்டு வந்து பார்த்தது.

கட்டு அவிழ்த்ததும் செல்வி முதலில் நடந்தது தேயிலைக்குத்தான், போத்தலை அணைத்தபடி, அவற்றைத் திறந்துவிட. பார்த்துப் பொறுக்கியது என் கண் அல்லவா? அந்தப் பெருமை இன்னும் எனக்குக் குறையவில்லை.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். “அம்மு, இங்க வா தாயி. நான் எழுதுனத ஒருக்கா சத்தமா வாசி, கேக்குறேன்.”