மெஹர்னிசா உருவிக் காட்டிய ஷாஃப்ட்

கவரைப்பேட்டையில் மெஹர்னிசாவின் லாரி உதிரிபாகக் கடையில் கேட்டதும் பொருள் கிடைத்துவிடாது. "அதுக்கு ஏன் அந்தப் பேரு?" என்று ஒரு கேள்வி முதலில் வரும். மெக்கானிக்குகள் சலித்துக்கொண்டார்கள், போகப்போகப் பதிலோடு வரத் தொடங்கினார்கள். சுற்றாமல் பாரம் மட்டும் தாங்கும் அச்சு டெட் ஆக்ஸில், சுற்றி வண்டியை ஓட்டுவது லைவ் ஆக்ஸில். ஆக்ஸிலை மூடியிருக்கும், நடுவில் வயிறு பெருத்த ஹவுசிங் கூட்டுக்கு மட்டும் பேஞ்சோ என்று ஏன் பேர் வந்தது என்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. மகள் சிஃபாவின் அகராதியில் அந்தப் பேரும் அதே உருண்டை வயிறும் உள்ள வாத்தியத்தின் படத்தைப் பார்த்த அன்று, மெஹர்னிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடை கணவர் கிஃபாயத்துல்லா பேரில் இருந்தது. முதுகில் அடிபட்டு அவர் நாற்காலியோடு முடங்கிய பிறகு, ஆறு வருஷமாக நடத்துவது இவள். 2006இல் கும்மிடிப்பூண்டி ஆக்ஸில் கம்பெனி ஒன்று ஏஜென்சிக்கு ஆள் தேடியது. அது கிடைக்காவிட்டால் எதிரே புதிதாக வந்த பெரிய கடை இவளை விழுங்கிவிடும்.

விசாரிக்க வந்த விற்பனை அதிகாரி, அச்சடித்த தாளைப் பார்த்துக் கணவரிடமே கேள்வி கேட்டார். வியாபாரம் என்றால் ஆம்பளை சமாச்சாரம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

"ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில்னு ஏன் பேரு?"

"அத அவளக் கேளுங்க சார்."

அதிகாரி சிரித்தார். "சொல்லுங்கம்மா. மிதக்குதுன்றாங்க. தண்ணி எங்க?"

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. விறுவிறுவென்று வெளியே வந்தாள். கடை வாசலில் செங்கல் ஏற்றிய லாரியை மெக்கானிக் முனுசாமி பார்த்துக்கொண்டிருந்தான்.

"முனுசாமி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சிட்டு ஷாஃப்ட்ட உருவு."

"ஜாக்கி போடாமலா? லாரி சாஞ்சிடும்மா!" அதிகாரி பதறிப் பின்வாங்கினார்.

முனுசாமி போல்ட்டுகளைக் கழற்றினான். அவளும் கைகொடுக்க, ஹவுசிங்குக்குள்ளிருந்து ஆயில் சொட்டச் சொட்ட நீளத் தண்டாக ஷாஃப்ட் வெளியே வந்தது. லாரி ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"பாரம் பூரா ஹவுசிங் தாங்கிக்கினு இருக்கு சார். ஷாஃப்ட்டு மேல எடையே இல்ல, சும்மா சக்கரத்தச் சுத்துறதுதான் அதோட வேலை. அதான் மிதக்குதுன்னு பேரு வெச்சாங்க."

அதிகாரி லாரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு விண்ணப்பத்தை எடுத்தார்.

"ஏஜென்சி உங்களுக்குத்தான். ஓனர் பேரு கிஃபாயத்துல்லா, சரிங்களா?"

"இல்ல சார்," என்றார் உள்ளே நாற்காலியிலிருந்து கிஃபாயத்துல்லா. "நடத்துறது இவ. மெஹர்னிசான்னு எழுதுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெல்லாம் ஆயில், துடைத்துக்கொள்ள முடியவில்லை. அப்படியே நின்று, தன் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.