அப்பாவின் இடது கை

வெயிலுக்காக மகள் ஜன்னல் திரையை ஒரு பக்கம் இழுத்தாள். அவள் முகத்தில் பாதி சட்டென்று இருண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, மலாயாவில் கூலாய் ரப்பர் தோட்டத்தில் அப்பா கங்காணி. அதட்டவே தெரியாதவர். வேலைக்குக் கிளம்பச் சொன்னால், ஆட்கள் இன்னொரு வெற்றிலை போடுவார்கள்.

“பாத்தாலே பயம் வர்ற மாதிரி ஒரு படம் எடுத்து வீட்டு முன்னால மாட்டணும்” என்று அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு ரயிலேறினார்.

சீனர் ஸ்டூடியோவில் கூரையே கண்ணாடி. படக்காரர் கறுப்புத் திரையை இழுத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழச் செய்தார். அப்பாவின் மோவாயை நிமிர்த்தினார். வலது கையில் தடியைக் கொடுத்து, இடது கையை முழங்காலில் ஊன்றச் சொன்னார். “ஜாங்கான் கெராக்!” அசையாதே என்று மலாயில் அதட்டிவிட்டு, கேமரா மூடியைக் கழற்றினார்.

பாதி முகம் இருட்டில் இருந்ததால் எனக்கு அவர் யாரோவாகிவிட்டார். “அம்மா, அப்பா எங்க?” என்று அழுதேன்.

அந்த முகம் அசையவில்லை. முழங்காலில் இருந்த விரல்கள் மட்டும், தினமும் என் கையில் நண்டு ஊரவிடுகிற அதே விரல்கள், மெல்ல ஊர்ந்தன.

படம் வந்தபோது மீசை மிரட்டியது. அசைந்துவிட்ட இடது கை வெறும் புகை.

“கெட்டுப்போச்சு. வேற எடுத்துக்கலாம்” என்றார் அப்பா.

“மூஞ்சி யாரோ. கைதான் நம்ம ஆளு. மாட்டுங்க” என்றாள் அம்மா.

மாட்டினார். ஆட்கள் அதை நிமிர்ந்து பார்த்தபடி இன்னொரு வெற்றிலை போட்டார்கள்.

“என்னம்மா சிரிக்கிறீங்க?” என்றாள் மகள்.

அவள் கையை இழுத்து நண்டு ஊரவிட்டேன்.